நலங்குப் பாட்டின் மீதி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

உலகு எனக்கு ஒரு டயரி வாங்கித் தந்திருக்கிறாள். வருடத்தில் பாதிக்கு மேல் போன பிறகு டயரி வாங்கியவள் பாளையங்கோட்டையிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நான் பேச்சைக் குறைத்துவிட்டேனாம். பேசாததை எல்லாம் இதில் எழுதி வைத்தால் என்றைக்காவது எடுத்துப் படித்துக்கொள்வாளாம்.

யார் பேச்சைக் குறைத்தது? இந்த ஊரில் இப்போது எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் முதற்கொண்டு பால்காரர் வரை ஒருவரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. மில்லில் தறிக் கூடத்தில் முப்பத்தைந்து வருடம் மேஸ்திரி வேலை பார்த்தவன் நான். அந்த இரைச்சலிலும் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியும். தொண்டை திறந்து பேசிய காலம் அது.

உலகம்மாள் என்பது முழுப்பெயர். கல்யாணமாகி நாற்பத்துமூன்று வருடம் ஆகப்போகிறது. முன்பெல்லாம் அடுப்படியில் பாடிக்கொண்டேதான் வேலை செய்வாள். அவள் குரலைக் கேட்டே இட்லி வெந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இப்போது பாடுவதே இல்லை. ஐந்தாறு வருடம் இருக்கும். ஏன் நிறுத்திவிட்டாள் என்று நானும் விசாரிக்கவில்லை. வயதான காலத்தில் எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும்?

ஆகஸ்ட் 6, புதன்

காலிங் பெல் ரிப்பேர். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் காட்டினான். வேலை தெரியாத பயல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் சிவகாமி வீடியோவில் வந்தாள். அவள் போனில் ஏதோ கோளாறு, வாய் மட்டும் அசைகிறது. கடைசியில் அவளே ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள். 'காது டெஸ்ட் எப்பப்பா?' அதைப் படித்ததும் எனக்குப் பரணைச் சுத்தம் செய்ய வேண்டிய ஞாபகம் வந்துவிட்டது.

பரணில் அந்த டூ-இன்-ஒன் கிடைத்தது. உலகுவின் அண்ணன் கோலப்பன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி. 1982-இல் எங்கள் கல்யாணத்தன்று தோளில் தூக்கிக்கொண்டே திரிந்து கண்டதையெல்லாம் பதிவு செய்தார். பெட்டிக்குள்ளேயே அந்தக் கேசட்டும் இருந்தது. ஏ பக்கம் காலைப் பந்தல். பி பக்கம் சாயங்கால நலங்கு. மச்சான் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது, மேலே எழுதியிருந்த அவர் கையெழுத்து மட்டும் அழியாமல் இருக்கிறது.

அந்த நலங்கில் உலகு ஒரு பாட்டுப் பாடினாள். மணமேடைக்கு எதிரில் பாய் விரித்து எங்களை எதிரெதிரே உட்காரவைத்து, தேங்காய் உருட்டி, தலையில் அப்பளம் நொறுக்கி முடிந்த பிறகு பாடச் சொன்னார்கள். மாப்பிள்ளையைக் கேலி செய்கிற பாட்டு, அவள் அத்தை கற்றுக்கொடுத்தது. முதல் அடி முடிந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் பாட்டே இல்லை, சிரிப்புத்தான். முன் வரிசையில் ஒரு கிழவர் காதில் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவரைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டதாம். அவர் மாப்பிள்ளை வீடு என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். பெண் வீடு என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். பாட்டின் மீதியை எத்தனையோ தடவை பாடச் சொல்லியிருக்கிறேன். "மறந்துபோச்சுங்க" என்பாள்.

ஆகஸ்ட் 16, சனி

டூ-இன்-ஒன்னுக்குள் பெல்ட் இற்றுப் போயிருந்தது. உலகுவின் தையல் மிஷின் பெல்ட்டை அளவாக வெட்டி ஒட்டினேன். சுற்றுகிறது. மேஸ்திரியின் கை மேஸ்திரியின் கைதான். கல்யாண நாளன்று போடலாம் என்று வைத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் குடிக்கிறவன் இல்லை.

கல்யாண நாள் என்பதால் காலையில் கோயிலுக்குப் போய் வந்தோம். நான் பட்டு வேட்டி, அவள் அரக்குப் பட்டு. காப்பியைக் குடித்துவிட்டு ஏ பக்கத்தைப் போட்டேன். கேசட் சுற்றியது. முதலில் மல்லிகைப்பூ வாசம், அடுத்து சாம்பிராணி, அடுத்துப் புதுக் கீற்று வாசம். சோபாவில் உட்கார்ந்திருந்த நாங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அம்பாசமுத்திரத்தில், உலகு வீட்டு வாசலில், எங்கள் கல்யாணப் பந்தலில்!

எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். உலகு என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

பக்கத்து வேப்பமரத்தில் ரேடியோ செட்டுக்காரர் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். நேராக என் காதைப் பார்த்து. அடடா! ஒவ்வொரு பாட்டும் என் நெஞ்சுக்குள் இறங்கியது. அந்தச் சத்தத்தில் பந்தலில் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் கத்தித்தான் பேசினார்கள். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. நான் சொல்லவில்லையா? அந்தக் காலத்து மனிதர்கள் தெளிவாகப் பேசினார்கள்.

கோலப்பன் மச்சான் டூ-இன்-ஒன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். சுருட்டை முடி, பெரிய காலர் சட்டை. குனிந்து என் காதில் கத்தினார். "வாங்க மாமா! மாப்பிள்ளை வீடுதான? டிபன் சாப்டாச்சா?"

உலகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "நீ சாப்ட்டியாய்யா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "பந்தி முடியட்டும் அத்தை" என்று சிரித்தார். மாப்பிள்ளை வீட்டு அத்தை பாசக்காரி என்று நினைத்திருப்பார்.

அவர் நகர்ந்ததும் என் அப்பா வந்தார். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவராக இருந்தார். கையெடுத்துக் கும்பிட்டு, "பொண்ணு வீட்டுப் பெரியவுக நிக்கக்கூடாது, மொதப் பந்தியில உக்காருங்க" என்று சத்தமாகச் சொல்லி, தானே கூட்டிக்கொண்டு போய் இலை போட்டு உட்காரவைத்தார். கேசரி வாளிக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னார். நானும் கும்பிட்டேன். கேசரியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

மணமேடையில் ஒரு ஒல்லிப்பயல் வியர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீசை என்று சொல்ல முடியாது, யாரோ பென்சிலால் கோடு போட்டதைப் போல ஒன்று. நான்தான்.

இதற்குள் உலகுவைக் காணவில்லை. பெண்ணை உட்காரவைத்திருந்த அறைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. கையில் கல்யாணத் தாம்பூலப் பை. அந்தப் பெண்ணிடம் என்ன பேசினாய் என்றேன். அவள் பதில் சொன்ன நேரம் பார்த்துக் கேசட் டக்கென்று நின்றது. சோபாவில் இருந்தோம். அவள் முழுவதையும் சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்தாள். நான் நன்றாகத் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 30, சனி

கனவென்று சொல்ல வழியில்லை. தாம்பூலப் பை மேஜை மேல் இருக்கிறது. மஞ்சள் துணியில் எங்கள் இருவர் பெயரும், தேதியும், உள்ளே வெற்றிலை பாக்கும், ஒரு தேங்காயும்.

ஏ பக்கத்தை மறுபடி போட்டேன். ஒன்றுமில்லை, வெறும் நாடா சுற்றுகிறது. உலகுவும் காதை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். ஒரு தடவைதான் போல. அப்படியானால் பி பக்கமும் ஒரு தடவைதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அந்தத் தேங்காயை உடைத்துப் பாலெடுத்து உலகு சொதிக் குழம்பு வைத்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டில் வைக்க வேண்டிய சொதி, நாற்பத்துமூன்று வருடம் கழித்து வைத்தாள். பிரமாதம். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பி பக்கத்தைப் போடுவோம் என்றேன். மாட்டேன் என்று தலையசைத்தாள். கேசட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, டிரம் மேல் ஏறி உட்காராத குறையாக நின்றாள். என் காதுக்கு அருகில் வந்து கத்தினாள். "காதுக்கு மிஷின் வச்சுட்டு வாங்க. அப்பந்தான் பி பக்கம்!"

"எங் காதுக்கு என்னட்டி? நல்லாத்தான இருக்கு!"

அவள் என் முதுகுப் பக்கமாகப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து எதிரில் வந்து நின்று, "இப்ப என்ன சொன்னேன்?" என்று கத்தினாள்.

"சோத்துக்கு அரிசி போடப் போறேன்னு சொன்ன."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இன்னொரு கவலை. உலகு துணி உலர்த்தும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் யாருமில்லை, வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. அடுப்படியிலும் அப்படித்தான். தனியாகப் பேசிக்கொள்கிறாள். வயதானால் சிலருக்கு இப்படி வருமாம். சிவகாமியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

நாள் முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பந்தலில் எனக்குக் கேட்டதென்றால் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் இருந்தது. நலங்குக்கு மைக் கிடையாது. இருபத்தோரு வயதுப் பெண் கூச்சத்தோடு கீழ்க்குரலில் பாடப் போகிறாள். ஒரே ஒரு தடவை. நான் முன்னால் உட்கார்ந்து அவள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு வர வேண்டுமா? அதோடு அந்தப் பக்கமும் வெறும் நாடாவாகிவிடும்.

சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏ உலகு, அன்னைக்குப் பொண்ணு ரூமுல என்ன பேசுனன்னு சொன்னியே, எனக்குக் கேக்கல."

கீரையைக் கீழே வைத்தாள்.

"அது மட்டுமில்ல. ரொம்ப நாளாவே கேக்கல. நீ சொல்லுததுல பாதிக்கு மேல எனக்குக் கேக்கல. சும்மாதான் தலையாட்டுதேன்."

சொல்லி முடித்ததும் பசித்தது.

உலகு நகர்ந்து வந்து என் காதோடு வாயை வைத்து நிதானமாகச் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்ததாம். சாயங்காலம் நலங்கில் பாடச் சொல்கிறார்கள், புது ஆட்கள் முன்னால் வாயே வராது என்றாளாம். "நான் அவட்ட என்ன சொன்னேன்னா, பயப்படாமப் பாடுட்டி, பாதியில நிறுத்துனாலும் பரவால்ல, மீதியைக் கேக்கதுக்கு ஒரு ஆளு இருக்குன்னு சொன்னேன்."

சிவகாமிக்குப் போன் போட்டு டெஸ்டுக்கு நாள் வாங்கச் சொன்னேன். அவள் அந்தப் பக்கம் அழுதாள். அது மட்டும் போனில் நன்றாகத் தெரிந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

காது டெஸ்ட். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் வந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்கையை லேசாக அசைத்தாள். நான் முழங்கையைப் பார்த்து அழுத்திக்கொண்டே வந்தேன். எல்லாம் சரியாகப் போனது. நடுவில் உலகு அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அதோடு என் வண்டவாளம் தெரிந்துவிட்டது.

கூடவே வந்தவள் கூடவே இருந்து காட்டிக்கொடுத்தாள்!

செப்டம்பர் 13, சனி

மிஷின் வந்துவிட்டது. டப்பாவைத் திறந்தால் இரண்டு, பழுப்பாக, வழவழவென்று. உலகு எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். காதுக்கு வைக்கிற மிஷினைப் பார்த்துச் சிரிக்கிற பொண்டாட்டியை இன்றுதான் பார்க்கிறேன்.

மாட்டியதும் பயந்துவிட்டேன். மின்விசிறிக்கு இவ்வளவு சத்தமா? என் செருப்பு கிறீச்சிடுகிறது. முறுக்குக் கடித்தால் தலைக்குள் ஜல்லி கொட்டுகிறது. காலிங் பெல்லை நானே போய் நாலு தடவை அழுத்திப் பார்த்தேன். எதிர்வீட்டிலிருந்து வெளியே வந்து பார்த்தார்கள்.

எலெக்ட்ரீஷியன் நல்ல பையன்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அரிசி டிரம்மிலிருந்து கேசட் வெளியே வந்தது. நான் பட்டு வேட்டி, அவள் அரக்குப் பட்டு. பி பக்கம்.

இந்தத் தடவை சந்தன வாசமும் பொரித்த அப்பள வாசமும் வந்தன. வெயில் சாய்ந்த நேரம். பந்தலில் பாய் விரித்திருந்தது. அப்பாவும் கோலப்பன் மச்சானும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "பொண்ணு வீட்டுப் பெரியவுக முன்னால வாங்க" என்றார் அப்பா. "மாப்பிள்ளை வீட்டு மாமா முன்னால வாங்க" என்றார் மச்சான். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காதபடி மேளக்காரர் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டாருமாகச் சேர்ந்து என்னை முன் வரிசையில் நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் என் மண்டைக்கு உறைத்தது. முன் வரிசை. கிழவர். கை தானாகக் காதுக்குப் போனது. திரும்பி உலகுவைப் பார்த்தேன். பெண்கள் கூட்டத்துக்கு நடுவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பளம் நொறுங்கியது. எல்லோரும் பாடச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். அந்தப் பெண் குனிந்தே இருந்தாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக நிமிர்ந்து, பெண்கள் பக்கம் ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு, பாடினாள்.

'மீசை முளைக்குமுன்னே மாலைக்கு நின்ற மாப்பிள்ளை...'

எனக்குக் கேட்டது. மூச்சு இழுக்கிற இடம், 'மாலை'யில் கொஞ்சம் நடுங்குகிற இடம், வளையல் சத்தம் எல்லாம் கேட்டன. என் உலகுவின் குரல். ஐந்தாறு வருடமாக நான் தொலைத்துவிட்டிருந்த குரல். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு தொடையில் தாளம் போடுகிறேன். தாளம் வேறு தப்பு. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் காதைப் பார்த்தாள். அவ்வளவுதான், களுக்கென்று சிரித்துவிட்டாள். பந்தலே சிரித்தது. என்ன நடந்தது என்று தெரியாமல் மாப்பிள்ளைப் பயல் திரும்பி என்னை முறைத்தான். அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. போகட்டும், பிடிக்கிற காலம் வரும்.

சோபாவுக்கு வந்து சேர்ந்த பிறகும் இருவரும் சிரித்து ஓயவில்லை.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"பத்து வருசமாச் சந்தேகம்தான். ஒங்களுக்கு முன்மண்டையில வழுக்கை விழுந்துச்சு, அந்தக் கெழவர் சாடை வந்துச்சு. அப்புறம் மீசையும் நரைச்சுது, சரி இவுகதான்னு நெனச்சேன். புளியங்கொட்டை ஒண்ணுதான் பாக்கி."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா நம்பிருப்பியளா? மிஷினே வேண்டாம்னு நின்ன ஆளு! நீங்க அதை மாட்டிக்கிட்டு வரலன்னா அந்தப் பிள்ளை எப்படிங்க சிரிக்கும்?"

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் எழுந்து மிஷினை மாட்டினேன். அடுப்படியில் பாட்டு. ரேடியோ என்று நினைத்துப் போனால் ரேடியோ அணைந்திருக்கிறது. உலகு எனக்கு முதுகைக் காட்டி நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

'மீசை முளைக்குமுன்னே மாலைக்கு நின்ற மாப்பிள்ளை,
மீசை நரைச்சபின்னே பாட்டுக்கு வருவீரோ?'

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுதானா மீதி?

"மறந்துபோச்சுன்னு சொன்ன?"

திரும்பிப் பார்த்தாள். "மீசை நரைக்கட்டும்னு இருந்தேன்."

"நரைச்சு அஞ்சாறு வருசம் ஆச்சேட்டி."

"ஆமா. அப்பமிருந்து தினமும்தான் பாடுதேன்."

தோசை ஒரு பக்கம் கருகியது. நான் போய் அடுப்பை அணைத்தேன். "வந்துட்டேன் உலகு" என்று சொன்னேன். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தடவை முதலிலிருந்து பாடச் சொன்னேன்.